பிளாஸ்டிக் தென்னைமரமும் மண்பானையும்

சென்னையில் வண்ணமீன் விற்கும் தெருக்களில் அந்தப் பெட்டி அடிக்கடி கண்ணில் படும். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவு. நடுவில் ஒரு திட்டு, அதில் ஏறச் சறுக்குப் பாதை, உச்சியில் பச்சை பிளாஸ்டிக்கில் ஒரு தென்னைமரம். இரண்டு விரற்கடைத் தண்ணீரில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றல் போட்ட ஆமைக்குஞ்சு ஒன்று துழாவிக்கொண்டிருக்கும். ஓடு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். "இன்னும் பெருசாகுமாண்ணே?" என்று கேட்டால், "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் சார் வளரும்" என்பார் கடைக்காரர். ஆமை, பெட்டி, தீனி டப்பா எல்லாம் சேர்த்து ஒரே விலை.

அந்தப் பதில் உண்மையல்ல. சிவப்புக்காது ஆமையில் பெண் வளர்ந்தால் ஓடு மட்டும் 25 செ.மீ.யைத் தாண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது ஆண்டுகள் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளையின் கல்யாணத்தையும் பார்த்துவிடும். பெட்டியோ ஆறு மாதத்துக்குப் போதாது. சின்னத் தொட்டியில் ஆமையின் வளர்ச்சி குன்றினால், அதை நோய் என்று சொல்ல வேண்டுமே தவிர, தொட்டிக்கு ஏற்றபடி வளர்ந்ததாகச் சொல்லக் கூடாது.

முயல், ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, ஆமை, பல்லி, பாம்பு என்று நாய் பூனை அல்லாத விலங்குகளை வீட்டில் வைத்துக்கொள்வோர் நம் நகரங்களில் பெருகிவிட்டார்கள். அவற்றுக்கான சாமான்களும் கடைகளிலும் இணையத்திலும் குவிந்துகிடக்கின்றன. இவற்றில் எது தேவை, எது வெறும் அலங்காரம், எது ஆபத்து என்று இந்தக் கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

ஒரு கழித்தல் கணக்கு

கூண்டில் இருக்கும் ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ நகருக்கருகே, வயல் மண்ணுக்குள் ஆழமான வளையிலிருந்து ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் தோண்டி எடுக்கச் செய்தார். இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். வீட்டு முயலின் மூதாதை ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் காட்டு முயல். கினிப்பன்றி தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்காரன். சிவப்புக்காது ஆமைக்கு மிசிசிப்பி ஆற்றுப் படுகை, தாடி ஓணானுக்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலம்.

விலங்கின் ஊர் அதற்குக் கொடுத்ததையெல்லாம் எழுதுங்கள். அதிலிருந்து நம் ஊர் இலவசமாகக் கொடுப்பதைக் கழியுங்கள். மிச்சம் நிற்பதுதான் காசு கொடுத்து வாங்க வேண்டிய பட்டியல். நல்ல சாமான் எது என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை.

நாம் செய்யும் தவறு, இங்கிலாந்துக்காரரும் ஜெர்மானியரும் போட்டு வைத்த கணக்கின் விடையை அப்படியே எடுத்துக்கொள்வது. லண்டன் வீட்டில் அறைச் சூடு 18 டிகிரி இருக்கும்போது ஆமைத் தொட்டிக்கு ஹீட்டர் வேண்டும்தான். ஆனால் அந்த ஆமைக்குத் தேவையான தண்ணீர்ச் சூடு 24 முதல் 27 டிகிரி. சென்னையில் தண்ணீரைச் சும்மா வைத்தாலே வருடத்தின் பெரும்பகுதி அந்தச் சூடு வந்துவிடும், கோடையில் தாண்டியும் போகும். அதே ஆமை உதகமண்டலத்தில் இருந்தால் ஹீட்டர் கட்டாயம். மாறாக, லண்டனில் முயலைத் தோட்டத்து மரப்பெட்டியில் வைப்பார்கள். அந்தப் பெட்டியை அப்படியே திருச்சியில் மொட்டைமாடியில் வைத்தால் மே மாதத்தில் முயல் செத்துப்போகும்.

முதலில் சட்டம்

சாமான் பட்டியலுக்கு முன் விலங்கின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டு நட்சத்திர ஆமை, பால் ஆமை, உடும்பு, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் நட்சத்திர ஆமையை முதல் அட்டவணைக்கே கொண்டுபோய்விட்டது. "வீட்டில் இருந்தால் செல்வம் சேரும்" என்று சொல்லி விற்கிறவர் கையிலிருந்து வாங்கினால் சேரப்போவது சிறை.

வெளிநாட்டு விலங்குகளிலும் இகுவானா, பால் பைத்தான் போலப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. பதிவு நடப்பது பரிவேஷ் இணையதளத்தில். கடைக்காரரும் 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ரசீதும் பதிவு எண்ணும் தராத கடையில் வாங்கும் விலங்குக்கு எவ்வளவு நல்ல கூண்டு வாங்கினாலும் பயனில்லை.

இடம்: கூண்டு என்பது அளவு

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், போதிய நீள அகல உயரம் இல்லாமல் ஒரு விலங்கின் நடமாட்டத்தை ஒடுக்கும் கூண்டில் அதை வைப்பதைக் குற்றம் என்கிறது. 'போதிய' என்றால் எவ்வளவு என்பதற்கு ஆராய்ச்சிகள் விடை தேடியிருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தினர் ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செ.மீ. ஆழப் படுக்கைகளில் பிரித்து வைத்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 10 செ.மீ. ஆழத்தில் இருந்தவைதான் மற்றவற்றைவிட அதிகமாகக் கூண்டுக் கம்பியைக் கடித்தன. தரைப்பரப்பை மாற்றிப் பார்த்த இன்னொரு ஆய்வில் சின்னக் கூண்டில் இருந்தவை நெடுநேரம் கம்பி கடித்தன. அலெப்போ மண்ணில் அரை மீட்டருக்கும் ஆழமாகத் தோண்டி வாழ்ந்த இனம் அது. அதை இரண்டு விரற்கடை மரத்தூளில் வைத்துவிட்டு, "பல் வளருது, அதான் கடிக்குது" என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறோம்.

கடையில் விற்கும் வண்ணக் கூண்டுகள் மாடி, சுரங்கக் குழாய், ஏணி என்று உயரத்தில் விளையாடுகின்றன. ஹாம்ஸ்டருக்கு உயரம் வேண்டாம். தரை வேண்டும், ஆழம் வேண்டும். 100 x 50 செ.மீ. அடிப்பரப்பு இன்று பரவலாகச் சொல்லப்படும் அளவு. இதற்குப் பெயர் போட்ட கூண்டு தேவையில்லை. பழைய மீன் தொட்டியோ, துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியோ போதும். மூடியில் பெரிய சதுரம் வெட்டிக் கம்பிவலை பொருத்தினால் காற்றுக்கும் வழி கிடைத்துவிடும். ஓடும் சக்கரம் பொன்னிற ஹாம்ஸ்டருக்கு ஏறத்தாழ 28 செ.மீ., குள்ள வகைகளுக்கு 20 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும். ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறிது என்று பொருள். கம்பிப் படி வைத்த சக்கரத்தில் கால் சிக்கி முறியும். ஓடுதளம் இடைவெளி இல்லாமல் இருப்பதுதான் நல்லது.

முயலுக்கு பிரிட்டனின் முயல் நல அமைப்பு சொல்லும் அளவு, ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். இப்படி ஒரு கூண்டை நம் கடைகளில் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அடுக்குமாடி வீட்டில் செய்யக்கூடியது, பால்கனியின் ஒரு பகுதியையோ அறை மூலையையோ தடுப்பு வைத்து அடைத்துக் கொடுப்பது. குழந்தைகள் தவழும் வீட்டில் போடும் மடக்குத் தடுப்பே இதற்குப் பொருந்தும். கூண்டு என்பது அதன் படுக்கையறை மட்டும். கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கட்டும்.

ஆமைக்கு வளர்ப்போர் வழக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர். 25 செ.மீ. ஓட்டுக்கு 400 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தண்ணீர் மட்டுமே 400 கிலோ. அதைத் தாங்கும் கண்ணாடியும் மேசையும் வாங்கும் செலவில் பாதிகூட ஆகாது ஒரு சிமென்ட் தொட்டி கட்டுவதற்கு. தரைத்தளத்தில் இடமிருப்பவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். இடமில்லாதவர்களுக்குக் கழித்தல் கணக்கு அங்கேயே விடை சொல்லிவிட்டது.

சூடு: வாங்கும் முன் அளந்து பார்

ஊர்வனவற்றுக்கு உடலுக்குள் அடுப்பு கிடையாது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் அவை உடல் சூட்டை வைத்துக்கொள்கின்றன. எனவே தொட்டி முழுக்க ஒரே சூடு இருப்பது தவறு. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும். சிவப்புக்காது ஆமைக்கு வெயில் காயும் மேட்டில் 32 முதல் 35 டிகிரி, தண்ணீரில் அதைவிடக் குறைவு. தேர்வு செய்யும் உரிமை ஆமைக்கு. நாம் இரண்டையும் ஏற்பாடு செய்து கொடுத்தால் போதும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய கருவி வெப்பமானி. இரண்டு வாங்குங்கள், முனைக்கு ஒன்று. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிகள் கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். கம்பி முனையில் உணரி உள்ள டிஜிட்டல் வகை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கல்லின் சூடு, மேட்டின் சூடு பார்க்கத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி வசதி. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டிருக்கும் நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அவற்றில் பல, உடல்சூட்டை ஒட்டிய எல்லைக்குள் மட்டுமே அளக்கும்.

இரண்டு நாள், காலை மதியம் இரவு என்று அளந்து எழுதிய பிறகு விளக்கு வேண்டுமா என்று முடிவு செய்யலாம். வேண்டுமென்றால் தெர்மோஸ்டாட் இல்லாமல் வாங்காதீர்கள். சூடு தரும் விரிப்போ விளக்கோ எதுவானாலும், எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது, தெர்மோஸ்டாட்டுக்குத்தான் தெரியும். மின்சாரத்தில் சூடாகும் 'சூட்டுக் கல்' போன்ற செயற்கைப் பாறைகளைத் தொடவே வேண்டாம். ஊர்வன பல வயிற்றுப் பக்கம் சுடுவதை உணர்ந்து சட்டென்று விலகாது. படுத்தபடியே வெந்துபோன ஓணான்களும் பாம்புகளும் கால்நடை மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் விஷயத்தில் நம் ஊரின் பிரச்சினை சூடு குறைவதல்ல, கூடுவது. முயலுக்கு வியர்க்காது. காதின் இரத்தக் குழாய் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறத் தொடங்கும். சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவானது. முயல் ஆராய்ச்சிக்குக் கொடைக்கானல் மன்னவனூரையும் நீலகிரி சாண்டிநல்லாவையும் தேர்ந்தெடுத்ததற்கு மலைக் குளிர்ச்சியும் ஒரு காரணம். சமவெளியில் வைப்பவருக்குச் சில எளிய சாமான்கள் உண்டு. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம். டைல்ஸ் பலகை ஒன்றைத் தரையில் போடலாம். ஈரச் சாக்கைக் காற்று வரும் பக்கம் தொங்கவிடலாம். சாக்கு மதுரையில் வேலை செய்யும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாகாது என்பதால் சென்னையில் அவ்வளவாக உதவாது. மின்விசிறிக்கும் அதே கதை. வியர்க்காத உடம்பைக் காற்று மட்டும் குளிர்விக்காது. மே மாதப் பிற்பகலில் முயலுக்குத் தேவை குளிரூட்டிய அறையோ, வீட்டின் குளுமையான உள்ளறையோதான்.

ஒளி: கண்ணாடி ஜன்னல் ஏமாற்றும்

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் ஆமையைப் படிக்கும் மேசையில் வைத்து வளர்த்தான். ஜன்னலோரம் நல்ல வெளிச்சம், மேலே எல்இடி விளக்கு வேறு. ஒருநாள் கையில் எடுத்தபோது ஓட்டின் விளிம்பு கட்டைவிரலுக்கு அமுங்கியது, ஈரமான அட்டைபோல. "வெளிச்சத்துலதானே அங்கிள் இருந்துச்சு" என்றான். வெளிச்சத்தில்தான் இருந்தது. அதற்கு வேண்டியிருந்தது வெயில்.

பகலில் வெயில் காயும் ஊர்வன, தோலில் புறஊதா-பி கதிர் பட்டுத்தான் வைட்டமின் டி3 தயாரிக்கின்றன. அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. எலும்பு மெலியும், தாடை ரப்பராகும், ஓடு இளகும். அந்தக் கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். எல்இடி விளக்கு அதைத் தருவதே இல்லை. சூடு தரும் மஞ்சள் குண்டுபல்பும் தருவதில்லை.

கேரி ஃபெர்குசன் குழுவினர் 2010இல் பல ஊர்வன இனங்கள் காட்டில் எவ்வளவு புறஊதா வாங்குகின்றன என்று அளந்து நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். நிழலில் ஒளிந்திருப்பவை ஒரு முனையில், உச்சிவெயிலில் நிற்பவை மறுமுனையில். இன்று விளக்கு வாங்குவோர் இந்த மண்டலத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பாலைவனப் படம், காட்டுப் படம் எதற்கும் உதவாது. சுருள் வடிவச் சிறு பல்பைவிட நீளக் குழல்விளக்கு பரவலாகக் கதிரைத் தரும். விளக்குக்கும் விலங்குக்கும் இடையே நெருக்கமான வலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கதிர் தீர்ந்துபோகும். கண்ணுக்கு அது தெரியாது. குழல்விளக்கை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும் என்று தேதியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செலவின் பெரும்பகுதியை நம் ஊர் மிச்சப்படுத்துகிறது. கோடை நண்பகலில் சென்னையின் புறஊதாக் குறியீடு பத்தைத் தாண்டும். காலை எட்டுக்கு மேல் பத்துக்குள், பாதி நிழல் பாதி வெயில் விழும்படி, வலைக்கூடையில் ஆமையை வெளியே வைத்தால் போதும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கக் கூடாது. அரை மணிக்குள் அது அடுப்பாகிவிடும். காகமும் பருந்தும் பூனையும் வராமல் மூடி வேண்டும். பக்கத்தில் ஆள் வேண்டும்.

தரை: பொள்ளாச்சியும் பைன் மரமும்

கடைகளில் படுக்கைக்கு மரச்சுருள் விற்கிறார்கள். சிடார், உலர்த்தாத பைன் போன்ற வாசனை மரங்களின் ஆவி எலி வகைகளின் கல்லீரலையும் மூச்சையும் பாதிக்கும். மரக்கடைத் தூள் இன்னும் மோசம். எந்த மரம் என்று தெரியாது, நுண்தூசி மூக்கை அடைக்கும். பஞ்சுபோன்ற வண்ணப் படுக்கை பார்க்க அழகு. நூல் காலில் சுற்றிக்கொண்டால் கால் போய்விடும், விழுங்கினால் குடல் அடைக்கும். மை அதிகமில்லாத தாளை நீளக் கிழித்துப் போட்டு, நடுவே உலர்ந்த புல் சேர்த்து அமுக்கினால் வளை தோண்டுவதற்கு அதுவே நிற்கும்.

வெளிநாட்டு ஊர்வனக் கடைகளில் செங்கல்போல் அழுத்தி விற்கப்படும் ஒரு படுக்கை உண்டு. தண்ணீரில் போட்டால் உப்பி மண்போலாகும். அது வேறொன்றுமில்லை, தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்றாலைகளில் மலைபோல் குவிந்து கிடக்கும் பொருள். ஈரம் தேவைப்படும் ஊர்வனவற்றுக்கு மிகப் பொருத்தமானது. நாற்றுப் பண்ணைகளில் மலிவாகக் கிடைக்கும். உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போட வேண்டும்.

முயல் கூண்டின் கம்பித் தரையை மட்டும் எந்த வீட்டிலும் ஏற்கக் கூடாது. பூனை நாய்போல் முயல் பாதத்தில் மெத்தை இல்லை, மயிர் மட்டுமே. கம்பியில் நின்றால் குதிகால் புண்ணாகும், புண் எலும்புவரை போகும். பண்ணைகளில் சுத்தம் செய்ய எளிது என்று கம்பி போடுகிறார்கள். வீட்டுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. சாயம் போடாத கோரைப்பாய் விரித்தால் போதும். கடித்தாலும் கெடுதல் இல்லை, அழுக்கானால் அலசலாம்.

தண்ணீரும் தீனியும்

முயலுக்கு உருளை முனைத் தண்ணீர் பாட்டில் கட்டாயம் என்று விற்பார்கள். சூரிக் பல்கலைக்கழகத்தில் பாட்டிலையும் திறந்த பாத்திரத்தையும் வைத்துப் பார்த்தபோது முயல்கள் விரும்பியது பாத்திரத்தைத்தான். கனமான மண்சட்டி ஒன்று கவிழாது, தண்ணீரையும் குளுமையாக வைக்கும்.

ஆமைத் தொட்டிக்குப் பில்டர் வாங்கும்போது தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு என்று குறித்திருப்பதை வாங்குங்கள். ஆமை மீனைவிடப் பல மடங்கு அசுத்தம் செய்யும். ஆமைத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அமெரிக்காவில் 10 செ.மீ.க்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதை 1975இலேயே தடைசெய்தார்கள். குழந்தைகளுக்கு அவற்றிடமிருந்து சால்மோனெல்லா கிருமி தொற்றியதே காரணம். தனி வாளி, தனிக் கோப்பை, பக்கத்தில் சோப்பு. இதுவும் சாமான் பட்டியலில் சேர்ந்ததுதான்.

முயலுக்கும் கினிப்பன்றிக்கும் பல் வாழ்நாள் முழுக்க வளரும். அதைத் தேய்ப்பது புல், மரக்கட்டையல்ல. தின்பதில் எண்பது விழுக்காடு உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். பல கடைகளில் கிடைப்பது இறக்குமதித் திமோத்திப் புல், விலை கையைக் கடிக்கும். நம் ஊர்க் கொழுக்கட்டைப் புல், கினிப் புல், அருகம்புல் இவற்றை நிழலில் உலர்த்தினால் அந்த வேலையைச் செய்யும். சாலையோரப் புல்லில் நாய் மூத்திரமும் பூச்சிமருந்தும் இருக்கும் என்பதால் வேண்டாம். குதிரை மசாலில் சுண்ணாம்பு அதிகம். குட்டிகளுக்குச் சரி, வளர்ந்த முயலுக்கு நாள்தோறும் கூடாது. நிறநிறமாகத் தானியமும் உலர்பழமும் கலந்த பாக்கெட் தீனியை எடின்பரோ ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். உடல் பருமனுக்கும் பல் கோளாறுக்கும் அதற்கும் தொடர்பு இருந்தது. முயல் அதில் இனிப்பானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு நாரை ஒதுக்கிவிடும், நம் வீட்டுப் பிள்ளைகள் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல.

கினிப்பன்றிக்கு நம்மைப் போலவே உடலில் வைட்டமின் சி உண்டாகாது. தண்ணீரில் கலக்கும் சொட்டுமருந்து வெளிச்சத்தில் சீக்கிரம் வீரியமிழந்துவிடும். தினம் ஒரு துண்டு குடைமிளகாய் அதைவிட நம்பகமானது. ஆமைக்குக் காய்ந்த இறால் டப்பா மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கி மூடிக்கொள்ளும். கீரையும் நீர்த்தாவரமும் உருண்டைத் தீனியும் கலந்து கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு போதும். சித்த மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டாலும் கிடைக்கும். நன்றாக ஊறவைத்து உப்பை நீக்கிப் போடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை

தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருக்கும் இடம் ஆமைத் தொட்டி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 110 வோல்ட் விளக்கை நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள். வயரை நேராகப் பிளக்குக்கு இழுக்காமல், பிளக்குக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோனால், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் இஎல்சிபி வீட்டில் இல்லையென்றால் மற்ற சாமானுக்கு முன் அதை வாங்குங்கள். அது ஆமைக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும்.

வாங்கவே கூடாதவை

ஹாம்ஸ்டரை உள்ளே போட்டு உருட்டும் பிளாஸ்டிக் பந்து, முயலின் மெல்லிய முதுகெலும்பை இழுக்கும் கழுத்துக் கயிறு, உப்புக்கட்டி, எலிகளைக் குளிப்பாட்டும் ஷாம்பு, இரவு முழுக்க எரியும் சிவப்பு விளக்கு. இவை எல்லாம் மனிதர்களை மகிழ்விக்கச் செய்தவை. தனிமைக்குச் சாமான் கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கினிப்பன்றி கூட்டமாக வாழும் இனம். சுவிட்சர்லாந்து ஒற்றைக் கினிப்பன்றி வளர்ப்பதைச் சட்டப்படியே தடுத்திருக்கிறது. கண்ணாடியும் பொம்மையும் வைத்து அதை ஈடுசெய்ய முடியாது. ஹாம்ஸ்டர் அதற்கு நேர்மாறு. பொன்னிற ஹாம்ஸ்டர் இரண்டை ஒரே கூண்டில் வைத்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

மண்பானையின் பாடம்

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அனுமதியோடு பிடித்துவரும் நல்லபாம்பையும் விரியனையும் அவர்கள் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சில வாரமும் பாம்பு இருப்பது மண்பானையில். வாய்க்குத் துணி கட்டிய, நாம் தண்ணீர் வைக்கும் அதே பானை. உள்ளே இருட்டு, குளுமை. சுவர் மூச்சுவிடும். பாம்பு வளைக்குள் இருப்பதாக நினைத்து அடங்கிக் கிடக்கும். பாம்பின் ஊரையும் நம் ஊரையும் நன்றாகத் தெரிந்தவர்கள் போட்ட கழித்தல் கணக்கு அது. மிச்சம் ஒரு பானை.

சில வாரத் தங்கலுக்குப் பானை போதும், ஆயுளுக்குப் போதாது. இருந்தாலும் பக்கவாட்டில் படுக்கவைத்த ஒரு பானை முயலுக்குக் கோடைப் புகலிடம். உடைந்த பானையின் பாதி ஹாம்ஸ்டருக்கும் பல்லிக்கும் ஒளிவிடம். கடையில் இதற்கென விற்கும் ரெசின் குகையைவிடக் குளுமையானது, மலிவானது.

தொகுத்துச் சொன்னால் வாங்கும் வரிசை இதுதான். முதலில் விலங்கின் பெயரும் சட்ட நிலையும். அடுத்து அந்த இனத்தைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்ற விசாரிப்பு. சென்னைக்காரர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து தொடங்கலாம். பிறகு முழு வளர்ச்சிக்கான இடம். அதன்பின் வெப்பமானி. அளந்த பிறகே சூடும் குளிர்ச்சியும் ஒளியும். கடைசியில் படுக்கை, பாத்திரம், தீனி. விலங்கு வந்து சேர வேண்டியது இவையெல்லாம் ஒரு வாரம் ஓடிப் பார்த்த பிறகு.

ஏற்கெனவே ஆமை வாங்கி, இடம் போதாமல் தவிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளத்திலோ ஏரியிலோ கோயில் தெப்பத்திலோ விட்டுவிடாதீர்கள். சிவப்புக்காது ஆமை உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், வைத்திருப்போர் இவற்றைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டு வாங்கியது. இங்கேயும் வனத்துறையிடமோ விலங்கு நல அமைப்பிடமோ முதலில் பேசுங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. விலங்கின் ஊரிலிருந்து உங்கள் ஊரைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் உங்கள் வீட்டுக்கும் சம்பளத்துக்கும் உங்களுக்கு இருக்கும் நேரத்துக்கும் அடங்கினால் தாராளமாக வாங்குங்கள். அடங்காவிட்டால், எந்தக் கடையிலும் அதற்குச் சாமான் கிடையாது. விலங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.